கையில் லேப்டாப்பா, வகுப்பில் புரொஜெக்டரா? தமிழ்நாடும் கேரளமும்

தேர்தல் வாக்குறுதிக்கு லேப்டாப்பைப் போலத் தோதான பொருள் வேறில்லை. மாணவர் அதை வீட்டுக்கே எடுத்துப் போகிறார். கொடுத்தவர் படமும் கூடவே போகிறது. 2011 தமிழ்நாட்டுத் தேர்தலில் அதிமுக, மாணவர்களுக்கு இலவச லேப்டாப் என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், ஜெயலலிதா வழங்கத் தொடங்கினார். 2019-20 வரை 50 லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள்.

கேரளத்தில் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கியது 2001-இல். அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அப்புறம் பத்தாம் வகுப்பில் ஐடி கட்டாயப் பாடமாகி, செய்முறைத் தேர்வும் வந்தது. மென்பொருள் உரிமத்துக்குப் பணம் கொட்டாமல் இலவச மென்பொருளான லினக்ஸுக்கு மாறினார்கள். 2018-இல்தான் 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் போயின. வாங்கும்போதே ஐந்தாண்டு வாரன்ட்டி பேசியிருந்தார்கள். இடையில் ஆட்சி மாறி மாறி வந்தும் வேலை நிற்கவில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

நம் ஊரில் பிளஸ் டூவில் வரலாறு குரூப் படித்த பிள்ளைக்கும் லேப்டாப் கிடைத்தது, நல்லது. ஆனால் அதுவரை அந்தப் பிள்ளைக்குக் கணினி என்று ஒரு தனிப்பாடம் இருந்ததில்லை. பேட்டரி போனால் புதிது போடுவது வீட்டின் பாடு. திட்டத்தின் கடைசி ஆண்டுகளில் பள்ளியை முடித்துப் போன மாணவர்கள், எங்கள் லேப்டாப் எங்கே என்று கேட்டுத் தெருவில் இறங்கிப் போராடினார்கள். படிக்கும்போது தேவைப்பட்ட பொருளைப் படித்து முடித்த பிறகு கொடுத்து என்ன பயன்?

கேரளத்திலும் அரசியல் இல்லாமல் இல்லை. பொதுக்கல்வியில் முழுக்க டிஜிட்டல் ஆன முதல் மாநிலம் என்று பினராயி விஜயன் அறிவித்தது 2020 அக்டோபரில். அடுத்த ஆண்டு தேர்தல். ஆனால் அந்த மேடைக்குப் பின்னால் இருபது வருட உழைப்பு இருந்தது.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் பலத்தையும் சொல்லியாக வேண்டும். கொரோனாவில் பள்ளிகளைப் பூட்டியபோது வகுப்பறைப் புரொஜெக்டரை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் கொண்டுபோக முடியவில்லை. கேரளம் விக்டர்ஸ் என்ற அரசுக் கல்வி டிவி சேனலில் பாடம் நடத்தியது. டிவியும் போனும் இல்லாத வீடுகள் தவித்தன. இங்கே அக்காவோ அண்ணனோ வாங்கிய அரசு லேப்டாப் எத்தனையோ வீடுகளின் முதல் கணினி. அதைக் 'கவர்ச்சித் திட்டம்' என்று ஒரே வார்த்தையில் தள்ளுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் பள்ளிக்கென்று ஒதுக்கும் பணத்துக்கு என் ஓட்டு கேரள வழிக்குத்தான். கணினி ஆசிரியரை நியமித்தால் யாரும் கைதட்டுவதில்லை, அதனால் அது எப்போதும் பின்னுக்குப் போகிறது. 2025 தமிழ்நாடு பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்து, முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். 2026-இல் தேர்தல். திமுக, அதிமுக எதுவானாலும் நான் கேட்பது ஒன்றுதான்: அதில் ஒரு பங்கையாவது ஆறாம் வகுப்பிலிருந்தே கணினிப் பாடத்துக்கும், அதை நடத்த நிரந்தர ஆசிரியருக்கும் ஒதுக்குங்கள்.