சிறுநீரகக் கட்டி ஆபரேஷன்: சி.டி. படமா, உள்ளே போகும் ஸ்கேனா, பச்சைச் சாயமா?

வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் பெரிய ஸ்கேன் கவரோடு தங்கியிருப்பவர்கள் அதிகம் விவாதிப்பது "ரோபோவா, லேப்ராஸ்கோப்பியா?" என்பதைத்தான். சிறுநீரகக் கட்டி என்றால், கட்டி வெளியே துருத்திக்கொண்டிருக்கிறதா, உள்ளே புதைந்திருக்கிறதா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

4 செ.மீ.க்கு உட்பட்ட கட்டியென்றால், முடிந்தவரை அதை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே இன்றைய முறை. வயிற்றைத் திறந்து செய்தபோது டாக்டர் விரலால் தடவியே விளிம்பைக் கண்டுபிடிப்பார். லேப்ராஸ்கோப்பியோ ரோபோவோ, சின்னத் துளை வழியாகச் செய்யும்போது அந்த வசதி கிடையாது.

சி.டி. படம் இல்லாமல் யாரும் ஆரம்பிப்பதே இல்லை. கட்டியின் அளவு, ரத்தக்குழாய்கள் எல்லாம் அதில் தெரியும். ஆனால் படம் எடுத்தது மல்லாந்து படுத்தபோது. ஆபரேஷன் பெரும்பாலும் ஒருக்களித்துப் படுக்கவைத்து. கொழுப்பை விலக்கிச் சிறுநீரகத்தைப் புரட்டிய பிறகு, படத்தில் பார்த்த இடத்தை டாக்டர் மனக்கணக்கில்தான் பொருத்த வேண்டும். துருத்திய கட்டிக்கு அது போதும். ஆற்காடு மக்கன் பேடாவுக்குள் இருக்கும் முந்திரி மாதிரிப் புதைந்த கட்டிக்குப் போதாது.

அங்கேதான் அல்ட்ராசவுண்ட். விரல் பருமனுள்ள ஸ்கேன் முனையைத் துளை வழியாக இறக்கி, சிறுநீரகத்தின் மேலேயே வைத்துப் பார்ப்பார்கள். கட்டி எவ்வளவு ஆழம், சிறுநீர் சேரும் பகுதியைத் தொடுகிறதா என்பது அந்த நிமிடமே திரையில் தெரியும். விளிம்பைச் சுற்றிச் சூட்டுக்கருவியால் புள்ளி புள்ளியாக அடையாளம் போட்டுவிட்டு, அப்புறம்தான் ரத்தத்தை நிறுத்த, சிறுநீரகத்துக்குப் போகும் தமனியில் கிளிப் மாட்டுவார்கள். கிளிப் மாட்டினால் 25, 30 நிமிடத்துக்குள் வெட்டித் தைத்து முடிக்கப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா என்பதையும், ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம்.

குறையும் உண்டு. சில கட்டிகள் சுற்றியுள்ள சதையைப் போலவே சாம்பல் நிறத்தில் தெரிந்து ஏமாற்றும். பழகிய கை வேண்டும். லேப்ராஸ்கோப்பியில் முனை துளையின் கோணத்துக்குக் கட்டுப்பட்டது. ரோபோவில் டாக்டரே அதைப் பிடித்துத் திருப்பி, ஸ்கேன் படத்தைத் தன் திரையிலேயே பார்க்கலாம். ரோபோவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் எனக்கு நியாயமாகப் படும் காரணங்களில் இது ஒன்று.

இண்டோசயனின் பச்சைச் சாயம் பார்க்க அழகு. ஊசியில் ஏற்றி அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் ரத்தம் ஓடும் சதை ஒளிரும், கட்டி பெரும்பாலும் மங்கலாக இருக்கும். கல்லீரல் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. ஆனால் அந்த ஒளி மேல்பரப்போடு சரி, ஆழம் காட்டாது. ஒரு கிளைத் தமனியை மட்டும் அடைக்கும்போது, எந்தப் பகுதிக்கு ரத்தம் நின்றது என்று பார்க்க இது கெட்டி.

ஆக, துருத்திய சின்னக் கட்டிக்கு ஸ்கேன் முனை இல்லையே என்று ஆஸ்பத்திரி மாற வேண்டாம். முழுக்கப் புதைந்த கட்டியென்றால், "ஆபரேஷன் நடக்கும்போது உள்ளே வைத்துப் பார்க்கும் ஸ்கேன் இருக்கிறதா, டாக்டர்?" என்று தேதி வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.