கேம்பர் வேனுக்கு எந்த பேட்டரி: லெட் ஆசிடா, லித்தியமா?

பழைய வேனை நீங்களே கேம்பராக மாற்றும்போது கட்டிலையும் அலமாரியையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றை ஓட்டும் பேட்டரியை மட்டும் முதலிலேயே யோசித்து வாங்குங்கள்.

லெட் ஆசிட் விலை குறைவு, எங்கும் கிடைக்கும். ஆனால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும், அடிக்கடி சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். அதனால் 12 × 100 = 1200 வாட்-மணியில் கைக்கு வருவது சுமார் 600தான். 40 வாட் இழுக்கும் சின்ன ஃபிரிட்ஜ் பாதி நேரம் ஓடினாலே ஒரு நாளில் 480 போய்விடும். எடையும் 30 கிலோவை ஒட்டி வரும்.

லித்தியம் வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் அதே அளவில் ஆயிரம் வாட்-மணிக்கு மேல் தரும், எடை பாதிதான். ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது. வண்டி ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி ஏற்றும் டிசி-டிசி சார்ஜரை இடையில் வையுங்கள். இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கெட்டுப்போகலாம்.

எப்போதாவது ஓரிரவு தங்குபவருக்கு லெட் ஆசிட் போதும். வாரக்கணக்கில் வேனிலேயே இருப்பவருக்கு, விலை கூடினாலும் லித்தியம்தான் என் தேர்வு. அப்புறம், எதை வாங்கினாலும் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டுவிடுங்கள்.