எலும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பல்லுக்குக் கிளிப் போடும் முன் படியுங்கள்

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 54 வயது. மேல் முன்பற்கள் விலகி முன்னே தள்ளிக்கொண்டு வந்ததால், மகள் கல்யாணத்துக்குள் சரிசெய்துவிடலாம் என்று வேலூரில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். கிளிப் பேக்கேஜ் 48,000 ரூபாய், அதில் 25,000 முன்பணம். "எட்டே மாசத்துல நேராயிடும்மா" என்றார்கள்.

ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, பிபி உண்டா, இதயக் கோளாறு உண்டா என்று மூன்றே கேள்வி. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று அதிலும் இல்லை, டாக்டரும் கேட்கவில்லை. நானோ நாலு வருடமாக ஞாயிறு தோறும் வெறும் வயிற்றில் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கிறவள். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.8, அதாவது எலும்பு மெலிந்துபோகும் எலும்புப்புரை. இடுப்பெலும்பு உடையாமலிருக்கக் கொடுத்த மாத்திரை பல் வரைக்கும் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர் அவர்.

இடம் வேண்டுமென்று மேலே இரண்டு, கீழே இரண்டு பல்லைப் பிடுங்கிவிட்டுக் கிளிப் போட்டார்கள். வலது கீழ்க்குழி மட்டும் ஆறவே இல்லை. நாக்கு பட்டால் உடைந்த மண்சட்டி விளிம்பு மாதிரி சொரசொரவென்று இருக்கும். ஒருநாள் செல்போன் வெளிச்சத்தில் கண்ணாடி பார்த்தேன். ஈறுக்கு நடுவே மஞ்சளாக எலும்பு. மூன்று தடவை போய்ச் சொன்னேன். "வயசானா ஆற லேட்டாகும்மா, உப்புத் தண்ணில கொப்பளிங்க." அவ்வளவுதான். மூன்று மாதம் ஓடிவிட்டது, பற்களும் நகரவில்லை.

அப்புறம் தாடை அறுவை செய்யும் வேறொரு டாக்டரிடம் போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எலும்புக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கிறீங்களா?"

அவர் சொல்லித்தான் புரிந்தது. கிளிப் இழுக்கும்போது, பல் போகிற பக்கத்தில் எலும்பு கரைய வேண்டும், விட்டு வந்த பக்கத்தில் புதிதாக வளர வேண்டும். எலும்புப்புரையில் கரைவது அதிகம், வளர்வது குறைவு. அதனால் முதலில் தாடை முழுக்க எக்ஸ்ரே எடுத்து, ஈறையும் பார்த்து, மெதுவாகத்தான் இழுக்க வேண்டுமாம். என் மாத்திரையோ எலும்பைக் கரைக்கும் செல்களையே தடுக்கிறது. அதனால் பல் நகர்வது தாமதமாகும். பல் பிடுங்கிய இடம் ஆறாமல், சிலருக்குத் தாடையெலும்பே செத்துப்போவதும் உண்டு. எட்டு வாரத்துக்கு மேல் எலும்பு வெளியே தெரிந்தால் அதுவா என்று பார்க்க வேண்டும். மருந்து எலும்பிலேயே வருடக்கணக்கில் தங்குவதால், இன்று நிறுத்தினால் நாளை சரியாகிவிடாது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்படி ஆவது வெகு சிலருக்குத்தான், இடுப்பு உடைவது அதைவிடப் பெரிய ஆபத்து. மருந்துச்சீட்டைக் கையோடு எடுத்துப் போய், அவர்கள் கேட்காவிட்டாலும் பல் டாக்டரின் மேசைமேல் வையுங்கள். எலும்புக்காக வருடத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கிளிப்பைக் கழற்றியாயிற்று. பணத்தைக் கேட்டால் "நீங்க சொல்லலையேம்மா" என்கிறார்கள். அந்த ஃபாரத்தின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாத்திரை என்ற சொல்லே அதில் இல்லை. அதையும் இணைத்துத்தான் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.