கோயில் திடலில் ஆர்.சி. கார்: எந்த வண்டி தாங்கும், எது தாங்காது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்திலோ பீனிக்ஸிலோ தமிழ்ச் சங்கம் நிதி திரட்டும் நாள் நடத்தினால் பிரியாணிக் கடை, பனி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்புவது) கடை, காற்றடித்த சறுக்கு எல்லாம் இருக்கும். அவற்றோடு ஒரு மூலையில் ஆர்.சி. கார், அதாவது ரேடியோ ரிமோட்டில் ஓடும் சிறு கார், ஓட்டும் களம் போட்டால் பிள்ளைகள் அங்கேதான் நிற்பார்கள். அதற்கு வண்டி வாங்கும்போது பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. ரிமோட்டை முன்பின் தொட்டிராத நூற்றுக்கணக்கான கைகள் அன்றைக்கு அந்த வண்டியைப் பிடிக்கப் போகின்றன. ஆறு மணி நேரம் தடுப்பில் மோதிவிட்டு மறுபடி ஓடுமா, உடைந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாமா, வேகத்தைப் பாதி அளவுக்குக் கட்டிப்போட வழி இருக்கிறதா என்று பார்த்துத்தான் இங்கே நான்கு வண்டிகளை எடைபோட்டிருக்கிறோம்.

புல்தரைக்கு எங்கள் முதல் தேர்வு டிராக்ஸஸ் ஸ்லாஷ். 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு), பின்சக்கர இழுவை, பிரஷ் மோட்டார் (கார்பன் பிரஷ் வழியே மின்சாரம் பெறும் வகை) உள்ள சாதாரண மாடலே போதும். பிரஷ்லெஸ் மாடல் வேண்டாம். இங்கே பள்ளி மைதானம், கோயில் திடல் எல்லாம் கிக்குயூ புல். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் தாழ்ந்த சாலைக் கார் அதில் வயிறு தட்டி நின்றுவிடும். ஸ்லாஷுக்குச் சக்கரம் பெரிது, அடிவயிறு உயரம். பாடி சக்கரங்களை மூடி நிற்பதால் இரண்டு வண்டிகள் உரசினாலும் சக்கரத்தோடு சக்கரம் மாட்டித் தூக்கி எறியாது. சக்கரம் வெளியே தெரியும் பக்கி வகை வண்டிகளில் இந்தத் தொல்லை ஓயாது.

ஸ்லாஷின் உண்மையான பலம் அதன் எக்ஸ்எல்-5 ஸ்பீடு கன்ட்ரோலரில் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இருக்கிறது. அதில் பயிற்சி முறை என்று ஒன்று உண்டு. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் சிவப்பு விளக்கு ஒரு முறை மினுக்கும், பிறகு இரண்டு முறை, பிறகு மூன்று முறை. மூன்றாவதில் விரலை எடுத்தால் முன்னோட்டமும் பின்னோட்டமும் பாதி சக்தியாகிவிடும். நிகழ்ச்சி முழுவதும் அப்படியே விடுங்கள்.

குறையும் உண்டு. வண்டி இரண்டு கிலோவுக்கு மேல்; கணுக்காலில் பட்டால் வலிக்கும். மோட்டாரைப் பிடிக்கும் திருகுகள் அதிர்வில் தளர்ந்தால் பினியன் (மோட்டார் அச்சிலுள்ள சிறு பற்சக்கரம்) விலகும், அதோடு இணையும் பெரிய பிளாஸ்டிக் பற்சக்கரமான ஸ்பர் கியரின் பற்கள் ஒரே மோதலில் உதிரும். வாங்கியதும் அந்தத் திருகுகளைக் கழற்றி நீலத் திரெட்லாக் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி விட்டு, இரண்டு கியருக்கும் நடுவே ஒரு துண்டு நோட்டுக் காகிதத்தை வைத்து இறுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிடுங்கள். அந்த இடைவெளிதான் சரியான அளவு.

தார்த்தளம், நெட்பால் கோர்ட், சிமெண்ட் முற்றம் என்றால் டமியா டிடி-02. 2013இல் வந்த சேசிஸ். நடுவில் ஓடும் ஷாஃப்ட் நான்கு சக்கரத்தையும் இழுக்கும். புதிதாய் ஓட்டுகிறவர் கையில் பின்சக்கர வண்டி வால் சுழலும், இது நேராகப் போகும். கிட்டாக (நாமே பூட்டும் பாகங்களாக) வருகிறது, ரேடியோ, சர்வோ (முன்சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்), பேட்டரி, சார்ஜர் எல்லாம் தனியே வாங்க வேண்டும். ஆறு கிட் (நான்கு ஓட, இரண்டு மாற்றாக) பூட்டப் பல மாலைகள் போகும். அதை நாங்கள் குறையாக எண்ணவில்லை. பூட்டிய தொண்டருக்கு எந்தத் திருகு எங்கே என்று தெரியும், நிகழ்ச்சி நடுவில் கை தடுமாறாது.

பூட்டும்போதே இரண்டு மாற்றங்கள் செய்துவிட வேண்டும். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் புஷ்களை (அச்சு சுழலும் வளையங்களை) வைக்காமல் 11×5×4 மி.மீ. உலோக பேரிங் 16 போடுங்கள். மணல் புகுந்தால் பிளாஸ்டிக் புஷ் தேய்ந்து அச்சு ஆடும், மோட்டாரும் வீணாகச் சுமை இழுக்கும். அடுத்தது சர்வோ சேவர், மோதலின் அதிர்ச்சி சர்வோவுக்குப் போகாமல் தாங்கும் பாகம். கிட்டில் வருவது மிருது. நாலு மோதலுக்குப் பிறகு நடுநிலைக்குத் திரும்பாது, வண்டி ஒரு பக்கமாகவே இழுக்கும். கெட்டியான சர்வோ சேவரை டமியாவே விற்கிறது. ஷாக்குகள் எண்ணெய் இல்லாத உராய்வு வகைதான். சமதளத்தில் அவை போதும், அதில் காசு போடாதீர்கள். அதோடு 22 பல் பினியனை எடுத்துவிட்டு 19 பல் போட்டால் கியர் விகிதம் 8.27இலிருந்து 9.58க்கு ஏறும்: வேகம் தணியும், மோட்டார் சூடும் குறையும். இன்னும் மெதுவாக வேண்டுமானால் 27 கம்பிச்சுற்று மோட்டாருக்குப் பதில் 35 சுற்றுக் கிராலர் மோட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்கு அதுதான் சரியான வேகம்.

டபிள்யூஎல் டாய்ஸ் 144001 விலையில் ஆசை காட்டும். 1/14 அளவு, நான்கு சக்கர இழுவை, உலோக அடித்தட்டு, 7.4 வோல்ட் 1500 மில்லிஆம்பியர்-மணி லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). பெட்டியில் மணிக்கு 60 கி.மீ. என்று போட்டிருக்கும். வீட்டுப் பையனுக்குக் காலி வாகன நிறுத்தத்தில் ஓட்ட அருமையான வண்டி. பொது நிகழ்ச்சிக்கு எடுக்காதீர்கள். ஸ்பீடு கன்ட்ரோலரும் ரிசீவரும் (ரிமோட்டின் அலையை வாங்கும் பகுதி) ஒரே பலகையில் இருப்பதால் ஒன்று போனால் இரண்டும் போகும், வேறு ரேடியோவும் இணைக்க முடியாது. உலோகத் தட்டு பிளாஸ்டிக் போல வளைந்து கொடுத்து நிமிராது. ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். கூட வரும் யூஎஸ்பி சார்ஜரை நம்பினால் மதியத்துக்குள் களம் காலியாகிவிடும். அந்தப் பலகையைக் கழற்றிவிட்டுத் தனி ரிசீவரும் ஸ்பீடு கன்ட்ரோலரும் போடலாம், ஆனால் போட்டபின் மலிவு என்ற காரணம் போய்விடும்.

மழைக்காலத்தில் மண்டபத்துக்குள் நடத்த கியோஷோ மினி-இசட் இருக்கிறது. கைக்குள் அடங்கும் வண்டி, நான்கு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், 4×6 மீட்டர் இடம் போதும். தரையில் கோத்துப் போடும் நுரை ஓடுகள் கட்டாயம். வெறும் மண்டபத் தரையில் விட்டால் தலைமுடியும் கம்பள நூலும் பின் அச்சில் சுற்றிக்கொள்ளும். யாராவது மிதித்தாலும் போச்சு, அதனால் மேசை உயரத்தில் களம் அமைப்பது நல்லது.

கடைத்தெருவில் கிடைக்கும் 27 மெகாஹெர்ட்ஸ் பொம்மைக் கார்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அந்த அலைவரிசையில் பழைய முறைப்படி ஆறே சேனல்கள். மலிவுப் பொம்மைகள் அநேகமாக ஒன்றிலேயே வரும். ஒரு ரிமோட்டைத் திருப்பினால் மூன்று கார் திரும்பும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒவ்வொன்றும் தன் ரிசீவரோடு மட்டும் பேசும். துப்பாக்கி வடிவ ரிமோட் வாங்குங்கள். இரண்டு குச்சி ரிமோட்டைப் பழக மூன்று நிமிடம் போதாது. த்ராட்டிலின் (வேக விசையின்) எல்லையைக் குறைக்கும் வசதி உள்ள மாடலாக இருக்கட்டும். 40 சதவீதத்தில் தொடங்கி, நன்றாக ஓட்டும் பெரிய பிள்ளைக்கு 55 வரை ஏற்றலாம். ஸ்டீரிங் எல்லையை மட்டும் குறைக்காதீர்கள், வண்டி வளைவில் திரும்பாமல் தடுப்பில் போய் நிற்கும். ரிமோட்டுக்கும் வண்டிக்கும் ஒரே எண் ஒட்டுங்கள், கழுத்துப் பட்டையும் மாட்டுங்கள்.

களத்தைத் திறக்குமுன் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று: சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் தூக்கி வைத்து, த்ராட்டிலை அழுத்திப் பிடித்தபடியே ரிமோட்டை அணைக்க வேண்டும். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபெயில்சேஃப் (சிக்னல் போனால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு) அமைக்கப்படவில்லை, அல்லது தவறாக அமைக்கப்பட்டிருக்கிறது. ரிமோட்டின் பேட்டரி தீரும் கணத்தில் அந்த வண்டி கூட்டத்துக்குள் பாயும். சரிசெய்யும் வரை அது களத்துக்கு வரக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

இனி பேட்டரி. இந்தக் களம் படுத்துவிடுவது பெரும்பாலும் இங்கேதான். நான்கு வண்டி ஓடும், இரண்டு மாற்று. ஆறும் ஒரே மாடல். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் ஆள் மாற்றம் என்றால் மணிக்கு 60 பேர். மெதுவாக ஓடும் 1/10 வண்டி சராசரியாக 7 ஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள். 5000 மில்லிஆம்பியர்-மணி இரண்டு செல் லிப்போவில் 80 சதவீதம் எடுத்தால் சுமார் 34 நிமிட ஓட்டம், ஆள் மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் 45 நிமிடம். எடுத்த பேட்டரி கால் மணி நேரம் ஆற வேண்டும், 5 ஆம்பியரில் முழுதாகச் சார்ஜ் ஏற 70 நிமிடம் ஆகும். ஆக ஒரு வண்டிக்கு மூன்று பேட்டரி, நான்கு வண்டிக்குப் பன்னிரண்டு, கைக்காவலுக்கு இரண்டு. ஒரே நேரத்தில் ஏழு பேட்டரி சார்ஜரில் இருக்கும்படி சார்ஜர் வாங்குங்கள். அதே களத்தை 3000 அளவு நிக்கல் பேட்டரியில் நடத்தினால் வண்டிக்கு ஐந்தும் மொத்தம் பதினொரு சார்ஜர் வாயும் ஆகும். நிக்கல் பேட்டரி தீ விஷயத்தில் பாதுகாப்பானது, ஆனால் நாள் முழுக்க ஓட்ட இந்தச் சுமை அதிகம். லிப்போவை வாங்கி அதற்கென்று ஒரே ஒரு பெரியவரை மேசையில் உட்கார வையுங்கள் என்பதே எங்கள் தீர்ப்பு.

லிப்போ வாங்கும்போது கடினக் கூடு உள்ளதாகப் பாருங்கள். டிடி-02இன் பேட்டரி இடம் பழைய குச்சி வடிவப் பேட்டரிக்குச் செய்தது, சதுர மூலை உள்ள கூடு அதில் உட்காராது. ஓரம் உருண்டதைக் கேட்டு வாங்க வேண்டும். டமியாவின் டிபிஎல்இ-02எஸ் கன்ட்ரோலருக்கு லிப்போவைக் காக்கும் வோல்டேஜ் தடை இல்லை. அதை எடுத்துவிட்டு ஹாபிவிங் குயிக்ரன் 1060 போடுங்கள். அதிலுள்ள சிறு ஜம்பரை (பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் இணைப்பு மூடியை) லிப்போ பக்கம் மாற்றினால் போதும். ஸ்லாஷிலும் குறைவோல்டேஜ் கண்டறிதலை இயக்கிவிட்டுத்தான் லிப்போ மாட்ட வேண்டும். செல் ஒன்று 3 வோல்டுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பேட்டரியை மறந்துவிடலாம். வெள்ளை டமியா கனெக்டர் ஒரு நாளில் பலமுறை மாட்டிக் கழற்ற ஏற்றதல்ல; உள்தகடு தளர்ந்து சூடேறி உருகும். எல்லாவற்றையும் எக்ஸ்டி60 என்ற கெட்டியான கனெக்டருக்கு மாற்றிச் சால்டர் வையுங்கள்.

நிறைந்த பேட்டரிக்குச் சிவப்பு ரப்பர் வளையம் போட்டு, வண்டியில் ஏற்றும்போது கழற்றுங்கள். குழப்பம் வராது. சார்ஜர் மேசை வெயிலிலோ பந்தல் துணிக்கு அருகிலோ இருக்கக்கூடாது. பேட்டரிக்குக் கீழே ஓடு அல்லது செங்கல், பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல். உப்பிய பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது.

மின்சாரத்தை முன்கூட்டியே பாருங்கள். ஏழு சார்ஜர் சேர்ந்து சுமார் 350 வாட் இழுக்கும். காலையில் எல்லாப் பேட்டரியும் நிறைந்திருந்தால் ஆறு மணி நேரத்துக்கு மறுசார்ஜுக்கு 700 வாட்-மணி வரை ஆகும். லோட் ஷெடிங் (மின்வெட்டு) வந்தாலும் ஒரு கிலோவாட்-மணி பவர் ஸ்டேஷன் தாங்கும். வெளிநாட்டுச் சார்ஜர் வேறு பிளக்கோடு வரும். பழைய மண்டபங்களில் பெரிய மூன்று உருண்டை முள் சாக்கெட்தான் இருக்கும். அடாப்டர் மேல் அடாப்டர் அடுக்கினால் அங்கேதான் சூடேறும், பிளக்கையே மாற்றிவிடுங்கள்.

களத்துக்கு 10×15 மீட்டர், பாதை அகலம் இரண்டரை மீட்டர். தடுப்புக்கு 100 மி.மீ. நெளி வடிகால் குழாய் நல்லது: மோதினால் நெளியும், வண்டி உடையாது. வெள்ளை பிவிசி குழாய் உடைந்து கூர்முனை நிற்கும். பார்ப்பவர்கள் தடுப்பிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, இடையில் வலை. ஓட்டுபவர்கள் அரை மீட்டர் உயர மேடையில் நின்றால் சின்னப் பிள்ளைக்கும் களம் முழுக்கத் தெரியும், ரேடியோவுக்கும் மனித உடல்கள் குறுக்கே வராது. தேர் வரும் வழி, காவடி வரும் வழியில் போடாதீர்கள். ஈஸ்டரில் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடுவது போன்ற நெரிசல் இருந்தால் அன்றைக்கு இந்தக் களமே வேண்டாம்.

ஆறு வண்டிக்கு உதிரி: முன் சஸ்பென்ஷன் கை எட்டு, ஸ்டீரிங் நக்கிள் நான்கு, சர்வோ இரண்டு, மோட்டார் இரண்டு, ஸ்பர் கியர் நான்கு, பாடி கிளிப் ஐம்பது. கிளிப் புல்லில் விழுந்தால் கிடைக்காது. பாடியின் முன்மூலைகளுக்கு உள்பக்கம் வலை டேப்பும் ஷூ கூ என்ற செருப்பு ஒட்டும் பசையும் பூசிவிட்டால் விரிசல் தள்ளிப்போகும். தை மாதக் காவடி நாட்களில் இங்கே வெயில் உச்சம். அரை மணிக்கொரு முறை இன்ஃப்ராரெட் வெப்பமானியை மோட்டாரில் காட்டுங்கள். 80 டிகிரி தாண்டினால் மாற்று வண்டியை இறக்கிவிட்டு அதை ஆறவிடுங்கள்.

முடிந்த அன்று இரவே லிப்போக்களை செல்லுக்கு 3.8 வோல்டில் நிறுத்தி வையுங்கள்; நிறைந்தபடி மாதக்கணக்கில் வைத்தால் உப்பும். கடற்கரைப் பக்கம் நடத்தியிருந்தால் சக்கரங்களைக் கழற்றி, உப்பு மணலைத் தூரிகையால் துடைத்து, பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். டர்பன் ஈரக்காற்றில் அதை விட்டால் அடுத்த நிகழ்ச்சிக்குப் பெட்டியைத் திறக்கும்போது பேரிங்குகள் துருப்பிடித்து இறுகியிருக்கும்.