ஓடை மீன் பார்க்க ஒரு கண்ணாடி: ஓராண்டு மாட்டிய அனுபவம்

போலரைஸ்டு கண்ணாடியை நான் அழகுக்காக வாங்கவில்லை. ஓடையில் மீன் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. சாதாரண கறுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் இருட்டாக்கும். இது தண்ணீர்மேல் அடிக்கும் பளபளப்பை மட்டும் எடுத்துவிட்டு அடிக் கூழாங்கல் வரை காட்டுகிறது. காலடியில் நேராகக் குனிந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்று சாய்வாகப் பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் மீன்கள் கல்மேட்டு வேக நீரில் நின்றன. கல்லடியில் வளர்ந்த புழுக்கள் இறக்கை முளைத்து மேலே வரும் காலம் அது. கோடை முற்றியதும் அந்த இடம் காலி. கீழே, தண்ணீர்மேல் சாய்ந்த ஒரு மரத்தடியில் கூட்டமாக நின்றன. ஓர் எறும்பு விழுந்தது. ஒரு மீன் ஓட்டத்தோடு பின்னால் சரிந்து, வாய் திறந்து, மறுபடி அதே கல்லுக்கே வந்து நின்றது. அரை மணி நேரம் இதையே பார்த்தேன்.

ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு காட்டோடையைப் பற்றி நகானோவும் முரகாமியும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மீன்களின் ஆண்டு ஆற்றலில் 44 சதவீதம் கரையிலிருந்து விழும் பூச்சிகளிடமிருந்து வந்ததாகக் கணக்கு. மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்தபின் அந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

இலை கொட்டியதும் மரத்தடியும் காலி. லென்ஸில்தான் அழுக்கு என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்! மீன்கள் எங்கே போயின என்று இந்தக் கண்ணாடி சொல்லாது. ஆழமான மடுவில் இதுவும் தோற்றுவிடும். அலாஸ்காவில் டாலி வார்டன் மீன்கள் சால்மன் மீனின் முட்டைகளைத் தின்ன ஓடைகளுக்குள் ஏறிப் போவதைப் போன்ற நீண்ட பயணங்களைப் பின்தொடர, மீனுக்குள் சிப் வைத்துத்தான் ஆக வேண்டும்.

சரி, குறைகள். நிழலில் சாம்பல் லென்ஸ் ரொம்ப இருட்டு. பழுப்பு வாங்கியிருக்க வேண்டும். போனைக் கிடையாகத் திருப்பினால் திரை கறுத்துவிடுகிறது, படம் எடுப்பது தொல்லை. மூன்றாம் மாதமே கீல் திருகு தளர்ந்தது.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கழுத்துக் கயிறு கூட வராது, தனியாக வாங்கிவிடுங்கள். என்னுடையது ஒருமுறை தண்ணீரில் விழுந்துவிட்டது. பளபளப்பில் ஒன்றுமே தெரியாமல், கையாலேயே துழாவி எடுத்தேன்.