குல்மார்க்கில் பேக்கன்ட்ரி ஸ்கீயிங் (பராமரிக்கப்படாத மலைச் சரிவுகளில் பனிச்சறுக்கு) பேக்கேஜ் எடுப்பவர்கள் கவனத்துக்கு

“அனுபவமுள்ள கைடு, பாதுகாப்புக் கருவிகள் உட்பட” என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள். சரிவு சரியில்லை என்று நாங்கள் பாதியில் திரும்பியதும், “நீங்களாகத் திரும்பினால் ரீஃபண்ட் கிடையாது” என்று கைவிரித்துவிட்டார்கள். ஏற்பாட்டாளர் பெயர் இங்கே வேண்டாம். யாரிடம் போனாலும் கீழே உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாளாகப் பனி விழவில்லை, அதனால் பனிச்சரிவு பயமில்லை என்றார் கைடு. பனி விழவில்லைதான், ஆனால் ராத்திரி முழுக்கக் காற்று. குல்மார்க்குக்கு மேலே உள்ள அஃபர்வாட் மலை முகட்டில் பனி புகையாகப் பறப்பது கீழிருந்தே தெரிந்தது. காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கம் கொட்டும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகமாகச் சேரும். பறக்கும்போதே துகள்கள் உடைந்து பொடியாவதால் விழுந்த இடத்தில் இறுகி ஒரே பலகையாகக் கட்டிக்கொள்ளும். அடியில் பலவீனமான அடுக்கு இருந்தால், ஓர் ஆள் எடைக்கே மொத்தமாகக் கிளம்பிவிடும். மேற்கிலிருந்து காற்று என்றால் கிழக்குச் சரிவில் ஆபத்து. பக்கவாட்டுக் காற்று, முகட்டுக்கு வெகு கீழே உள்ள ஓடைப் பள்ளங்களிலும் ஒரு கரையில் பனியைச் சேர்த்துவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை.

முகட்டு விளிம்பில் கூரை போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பனி (கார்னிஸ்), அதற்குக் கீழே உப்பலான வழுவழுப்பான பனி, மிதித்தால் உள்ளே வெற்றிடம் போன்ற சத்தம், இவைதான் அடையாளம். ஸ்கீ நுனியிலிருந்து விரிசல் ஓடினால் அதற்கு மேல் பேச்சே இல்லை, திரும்புங்கள். இப்படிப் பலகையாகக் கிளம்பும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான். எங்கள் கைடிடம் சாய்வு அளக்கும் கருவியே இல்லை. முன்னால் போனவர்களின் தடத்தைக் காட்டினார். தடம் எதற்கும் அத்தாட்சி இல்லை. பலகையின் தடித்த பகுதியில் பத்துப் பேர் தப்பிப் போயிருப்பார்கள், அடுத்தவர் மெல்லிய ஓரத்தை மிதித்தால் உடையும்.

அடியில் பலவீனமான அடுக்கு இருக்கிறதா என்று குழி தோண்டிப் பார்க்கலாம் என்றால் நேரமில்லையாம். சோதனை இதுதான்: சரிவின் குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவில் பனியில் தூண் வெட்டி, அதன் மேல் ஒரு முனையில் ஷவலை (பனி அள்ளும் மண்வாரி) வைத்து மணிக்கட்டிலிருந்து 10, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10 தட்டு. விரிசல் மறுமுனை வரை ஓடினால் அந்தச் சரிவு வேண்டாம். ஓடாவிட்டாலும் அது அந்த இடத்துக்கு மட்டுமான பதில்.

கருவிகள் அதைவிட மோசம். புதைந்தவரை சிக்னல் வைத்துத் தேடும் டிரான்ஸீவர் ஒன்றின் பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தது, பனிக்குள் குத்தித் தேடும் மடக்குக் குச்சியான புரோப்பின் உள்கம்பி அறுந்திருந்தது, ஷவல் பிளாஸ்டிக். இறுகிப்போன பனியில் பிளாஸ்டிக் உடையும். புதைந்தவருக்கு இருப்பதோ 10–15 நிமிடம். 2023 பிப்ரவரியில் போலந்துக்காரர் இருவர் பனிச்சரிவில் இறந்ததும் இதே அஃபர்வாட்டில்தான்.

டிஜிஆர்இ (பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம்) வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையை முதல் நாளே பாருங்கள். ஆனால் அது மாவட்டம், உயரம் என்ற அளவில்தான் சொல்லும். எந்தச் சரிவு என்பதைக் கைடுதான் பார்த்துச் சொல்ல வேண்டும். பணம் கட்டும் முன், பேட்டரி அறையைத் திறந்து எடுத்த படம் கேளுங்கள். மூன்று ஆன்டெனா டிரான்ஸீவர், 240 செ.மீ.க்குக் குறையாத புரோப், உலோக ஷவல், ஆளுக்கு ஒன்று. பனிச்சரிவு ஆபத்தால் யார் திரும்பினாலும் பணம் திரும்ப வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.