குன்னூர் ஈரத்தில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு

12 அடிக்கு 11 அடி அறையில் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வைக்கலாமா என்று கோவை நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். என்னிடம் உள்ள அதே வகை ஸ்பீக்கரின் இடப்பக்கப் பேனலைப் பெங்களூருக்கு அனுப்பி, 28,000 ரூபாய் கொடுத்துச் சரிசெய்து வாங்கி மூன்று நாள்கூட ஆகாத நேரம் அது. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். காரணங்களை ஆற அமர எழுதுவதுதான் நியாயம்.

முதலில் தம்புரா. பெட்டி ஸ்பீக்கரில் வெறும் ரீங்காரமாகக் கேட்டது, இதில் நான்கு தந்திகளாகப் பிரிந்து, தந்திக்கடியில் செருகும் ஜீவாளி நூலின் இழைவு வரை காதில் விழுகிறது. கூம்போ சுருளோ இல்லாமல், சில மைக்ரான் தடிமனே உள்ள பாலியெஸ்டர் படலம் முழுப்பரப்பிலும் ஒருசேர அசைவதால் வரும் தெளிவு இது. 1957-இல் பிரிட்டனின் குவாட் நிறுவனம் தன் மாதிரியை விற்பனைக்குக் கொண்டுவந்த நாள் முதல் இந்த வகை ஸ்பீக்கருக்கு ரசிகர்கள் இருப்பதும் இதற்காகத்தான். முன்னும் பின்னும் ஒலித்துப் பக்கவாட்டில் ஏறக்குறைய அடங்கிவிடுவதால், சிறிய அறையின் பக்கச்சுவர்கள் தொல்லை தருவதில்லை. ஆனால் பின்சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வைக்க வேண்டும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலை துல்லியம், இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் மெலிவு. சரியான இருக்கை ஒன்றே ஒன்றுதான். அதில் நான் உட்கார்ந்தால் மனைவிக்குக் கச்சேரி பாதிதான்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவை. பொறுக்க முடியாதது ஈரம். ஊட்டிக்கு ஜூனும் ஜூலையும் என்றால், கிழக்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும். படலம் சில ஆயிரம் வோல்ட் மின்னூட்டத்தைத் தாங்கி நிற்க வேண்டும். அது இழுத்துச் சேர்த்த தூசியில் ஈரம் ஏறியதும் மின்னூட்டம் கசியத் தொடங்கிவிடும். இடப்பக்கம் மெல்ல மங்க, நடுவில் அமர்ந்து ஆலாபனை செய்துகொண்டிருந்த பாடகி நகர்ந்து நகர்ந்து வலப்பக்க ஜன்னலோரம் போய்விடுகிறார். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், சரியாக அந்த இடத்தில், ‘டிக்’ என்று ஒரு சத்தம். போதாக்குறைக்கு, ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான்; மெலிந்த காற்றில் மின்பொறி எளிதாகத் தாவும். தவில் உச்சத்துக்குப் போகும்போது நான் ஒலியைக் குறைத்துவிடுவது அக்கம்பக்கத்தாருக்காக அல்ல.

ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றும் வாங்கினேன். அதன் இரைச்சல் தம்புராவின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நிறுத்தினால் அரைமணி நேரத்தில் ‘டிக்’ திரும்பிவிடுகிறது. வாங்கும் முன் கடையில் குன்னூர் என்று சொல்லித்தான் கேட்டேன். ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை.

கோவையில் உயரமும் இல்லை, இந்த மூடுபனியும் இல்லை என்பதை நண்பரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனாலும் வேண்டாம் என்ற பதிலை மாற்றவில்லை. அப்படியானால் உங்களுடையதை விற்றுவிடுங்களேன், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பேச்சை மாற்றிவிட்டேன். நவம்பரில் ஒருமுறை வந்து கேட்டுவிட்டு முடிவு செய்யச் சொல்லியிருக்கிறேன். மார்ச்சில் வந்தால் வாங்கிவிடுவார்.